தையல் பிரித்த பிறகும் நிற்காத வலி: நெஞ்சறை அறுவை மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெஞ்சறை அறுவை மருத்துவர்களுக்கும், மயக்கவியல் மருத்துவர்களுக்கும், மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

கேமரா வழியாகச் செய்யும் நெஞ்சறை அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மூன்றாம் மாதம் நோயாளியை வரவழைத்துப் பார்க்கும் வழக்கத்தை ஒரு மருத்துவமனை அண்மையில் நிறுத்திவிட்டது. தையல் பிரித்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருப்பதைப் பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு வலி என்று வருபவர்கள் பொது ஓ.பி.யில் சீட்டு வாங்கிக் காட்டிக்கொள்ளட்டும் என்று முடிவு. சாவித்துவார ஆபரேஷனுக்கு நீண்ட நாள் கண்காணிப்பு எதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த ஒரு இடத்தோடு போயிருந்தால் அங்கேயே பேசி முடித்திருப்போம். பல மருத்துவமனைகளில் இப்படியொரு ரிவ்யூ தொடங்கப்படவே இல்லை. அதனால்தான் யார் பெயரையும் குறிப்பிடாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறோம். நாங்கள் வலி சிகிச்சைப் பிரிவிலும் பிசியோதெரபியிலும் ஆபரேஷனுக்குப் பிந்தைய வார்டிலும் வேலை செய்பவர்கள். நீங்கள் குணமாக்கி அனுப்பிய நோயாளி நான்கைந்து மாதம் கழித்து வந்து உட்காருவது எங்கள் முன்னால்தான்.

சாவித்துவார முறையை நாங்கள் குறை சொல்லவில்லை. விலாவை விரித்துத் திறப்பதைவிட இது நல்லது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. டென்மார்க்கின் ஓடன்ஸ நகரில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வு, ஓராண்டு முழுவதும் வலி குறைவாக இருந்தது கேமரா முறையில்தான் என்று காட்டியது. ஆனால் குறைவு என்பதை இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாள்பட்ட வலி வரலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கேமரா முறைக்கு எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், நாலில் ஒருவர் என்ற அளவு திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோருக்கும் கடுமையான வலி இல்லை. பலருக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். ஒரு சிறு பங்கினருக்கு மட்டும் தூக்கம், வேலை, ஒருக்களித்துப் படுப்பது எல்லாமே போய்விடுகிறது. அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் கடந்தும் நீடிக்கும், வேறு காரணம் கண்டுபிடிக்க முடியாத வலியை ஒரு தனி நோய்நிலையாகவே உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாதம் என்பது வரையறை. நீங்கள் பதினைந்தாம் நாளிலேயே கோப்பை மூடிவிட்டால் இந்த நோய் உங்கள் பதிவேட்டில் எப்படி வரும்?

தோலில் போடும் வெட்டு சிறியது என்பதால் உள்ளே இருக்கும் நரம்புக்கும் சேதம் சிறியது என்று ஆகாது. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நிர்வாகிகளும் படிப்பதால் விளக்கிவிடுகிறோம். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதில் மேலிருந்து கீழாகச் சிரை, தமனி, நரம்பு என்று மூன்றும் வரிசையாகப் போகின்றன. கடைசியில் இருக்கும் நரம்புக்கு எலும்பின் மறைப்பு மிகக் குறைவு. பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் கெட்டி ட்ரோகாரை (கருவிகளும் கேமராவும் நுழையும் குழாய்) இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள விலாவிடையில் இறக்கி, நுரையீரலின் மேல் மடலைப் பார்க்கக் கேமராவைச் சாய்க்கும்போது, ட்ரோகாரின் தண்டு மேல் விலாவின் கீழ் விளிம்பில் நெம்புகோலாக ஊன்றிக்கொள்கிறது. நடுவில் சிக்கி நசுங்குவது அந்த நரம்பு. இரண்டு மணி நேர அறுவையில் இப்படி எத்தனை தடவை சாய்க்கிறீர்கள் என்பதை உதவி மருத்துவர் ஒருவரை எண்ணச் சொன்னால் தெரியும். பிறகு அதே துளையில், நெஞ்சறையிலிருந்து காற்றையும் நீரையும் வெளியேற்றும் ஐ.சி.டி. குழாய். நாட்கணக்கில் அதே நரம்பை உரசிக்கொண்டு, இருமும்போதெல்லாம் இடித்துக்கொண்டு கிடக்கும்.

இதில் உங்கள் கையில் இருக்கிற விஷயங்கள் பல. விலாவிடை முன்பக்கம் அகலம், முதுகுப் பக்கம் போகப்போகக் குறுகல். முதுகுப்புறம் போடும் துளை வேலைக்கு வசதி, நரம்புக்கு ஆபத்து. முடிந்த இடங்களில் துளையை முன்னுக்குக் கொண்டுவரலாம். எந்த இடத்திலும் கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே உள்ளே இறங்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் கேமராவுக்குப் பதில் ஐந்து மில்லிமீட்டர், முப்பது பாகைச் சாய்வுள்ள கேமரா இருந்தால் தண்டை நெம்பாமலே மூலை முடுக்கைப் பார்க்க முடியும். வேலைத் துளைக்குக் கெட்டி ட்ரோகாரை விட்டு மென்மையான காயக் காப்பு உறையைப் பயன்படுத்தலாம். விலா விரிப்பானை ஒரு நிமிடம்தானே என்று வைத்தாலும் அது சாவித்துவார முறை இல்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படியே எழுதப்படுவதை நாங்கள் பார்க்கிறோம். ஆபரேஷன் குறிப்பைத் தேடிப் படித்தால்தான் விரிப்பான் வைத்தது தெரிகிறது. பின்னாளில் வலியைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பதை எழுதுபவர்கள் உணர வேண்டும்.

ஒற்றைத் துளை முறையைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரப் பலகைகளில் 'ஒரே துளை, வலியில்லை' என்று வருகிறது. துளைகள் குறைந்தால் பாதிக்கப்படும் விலாவிடைகளும் குறையும், உண்மை. ஆனால் கேமரா, பிடிப்பான், ஸ்டேப்ளர், கடைசியில் குழாய் என எல்லாமே அந்த ஒரே இடைவெளியில் நுழைகின்றன. மொத்தச் சுமையும் ஒரு நரம்பின் மேல். கை தேர்ந்தவர் செய்தால் நன்றாகவே வருகிறது. 'வலியில்லை' என்று பலகை வைக்க மட்டும் இது போதாது.

குழாய் விஷயத்துக்கு வருவோம். ஐ.சி.டி. குழாயின் அளவைப் பிரெஞ்சு எண்ணில் சொல்கிறோம். அதை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர். 28 என்றால் ஒன்பது மில்லிமீட்டருக்கும் மேல், 20 என்றால் ஏழுக்கும் குறைவு. மெலிந்த ஒரு பெண்ணின் விலாவிடையில் 32-ஐச் சொருகிவிட்டு வலி ஏன் என்று கேட்கக் கூடாது. சீழோ உறைந்த ரத்தமோ இருந்தால் பெரிய குழாய் தேவைதான், மெல்லியது அடைத்துக்கொள்ளும். சீழ் கோத்த நெஞ்சறையைச் சுத்தம் செய்யும் அறுவையில் இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் நுரையீரல் குமிழி வெடித்து நெஞ்சறையில் காற்று புகுந்த இளைஞனுக்கும், சிறு துண்டு எடுத்த பயாப்சிக்கும் அதே அளவுக் குழாய் வழக்கத்தால் மட்டுமே போடப்படுகிறது. எடுக்கும் நேரமும் அப்படித்தான். காற்றுக் கசிவு நின்றிருக்கிறது, வருவது தெளிந்த நீர், இருபத்து நான்கு மணி நேரத்தில் 300 மில்லிக்குள் இருக்கிறது என்றால் எடுத்துவிடலாம். 450 வரைகூடப் பல மையங்கள் ஏற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ரவுண்ட்ஸ் இல்லை என்பதற்காகத் திங்கள்வரை குழாய் கிடப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

மரப்பு ஊசி. இதுதான் எங்களுக்கு அதிக ஆற்றாமை தரும் இடம். ஏனென்றால் இதற்குச் செலவே இல்லை. கேமரா உள்ளே இருக்கிறது, விலாவிடைகள் அத்தனையும் கண்ணெதிரே திரையில் தெரிகின்றன. முதுகெலும்பை ஒட்டிய பக்கத்தில் மெல்லிய ஊசியால் நெஞ்சறைச் சவ்வுக்கு அடியில் மருந்தைச் செலுத்தினால், சவ்வு கொப்புளம்போல் எழும்பி விலாவிடை நெடுகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். துளை போட்ட இடைவெளி, அதற்கு மேலும் கீழும் ஒன்றிரண்டு என ஐந்தாறு இடங்களில், இடத்துக்கு மூன்று நான்கு மில்லி, 0.25 சதவீத பியூப்பிவகெய்ன். அளவில் கவனம் வேண்டும். விலாவிடையிலிருந்து மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறும் வேகம் மற்ற இடங்களைவிட அதிகம். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால் அறுபது கிலோ உடம்புக்கு 120 மில்லிகிராம், அதாவது அந்தச் செறிவில் 48 மில்லிதான் உச்சம். தோலில் போட்ட மருந்தையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். மயக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஆளுக்கொரு பக்கம் போட்டுவிட்டு ஒருவருக்கொருவர் சொல்லாமல் விடுவதால்தான் விபரீதம் வருகிறது.

ஒரு தடவை போட்ட ஊசி ஒரு நாள்கூடத் தாங்காது. முதுகெலும்பு ஓரத்தில் மெல்லிய குழாய் வைத்துத் தொடர்ந்து செலுத்தினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அல்ட்ராசவுண்ட் பார்த்து முதுகுத்தசைத் தளத்தில் போடும் பிளாக் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) 2016-இல் அறிமுகமானது, கற்பதும் செய்வதும் எளிது. கேமரா வழி நெஞ்சறை அறுவைக்கென்று ஐரோப்பிய வல்லுநர் குழு 2022-இல் தந்த பரிந்துரை இந்த இரண்டில் ஒன்றையும், அதோடு பாராசிட்டமால், வலிமுறிப்பு மாத்திரை இரண்டையும் நேரம் தவறாமல் தரச் சொல்கிறது. மார்ஃபின் வகை மருந்துகள் மற்றவை போதாதபோது மட்டுமே. நம்மூர் வார்டில் நடப்பது தலைகீழ். முதல் இரவே மார்ஃபின் வகையான டிரமடால் ஊசி, குமட்டலுக்கு இன்னொரு ஊசி, பாராசிட்டமால் 'தேவைப்பட்டால்'. ஒரு நேர்மையான குறிப்பும் வேண்டும்: நல்ல பிளாக் போட்டால் நாள்பட்ட வலி வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் முதல் சில நாட்களில் கடுமையாக வலிப்பவர்களுக்கே பிறகு வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. அறுவைக்கு முன்பே நரம்பு வலி மருந்தான பிரிகாபலின் கொடுத்தால் தடுக்கலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது பலிக்கவில்லை. மயக்கம், தலைச்சுற்றல், மூச்சு மட்டுப்படுதல் மட்டுமே மிச்சம். 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றி எச்சரித்ததில் மூச்சுக்குழல் அடைப்பு நோயாளிகளையும் முதியவர்களையும் தனியே குறிப்பிட்டது. நெஞ்சறை வார்டில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவர்கள்தாமே.

வார்டில் வலியை அளக்கும் முறையும் மாற வேண்டும். அசையாமல் படுத்திருப்பவரிடம் 'வலி இருக்கா' என்று கேட்டால் 'பரவாயில்லைங்க' என்றுதான் சொல்வார். இருமச் சொல்லி, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, அப்போது பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுத வேண்டும். நான்குக்கு மேல் என்றால் அந்த ஷிஃப்டிலேயே மருந்தை மாற்ற வேண்டும், மறுநாள் ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது.

இனி, வீட்டுக்குப் போன பிறகு. தையல் பிரித்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான் நரம்பு வலியின் குணம் தெரியத் தொடங்குகிறது. புண் வலி குறைந்துகொண்டே வர, இன்னொன்று மேலே வருகிறது. எரிச்சல், சுருக்கென்று குத்தல், கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு, மார்புக்குக் கீழே ஒரு பட்டையாக மரப்பு. சட்டைத் துணி பட்டாலே கூச்சம். பெண்களுக்கு உள்ளாடையின் பட்டை சரியாக ஐந்தாறாம் விலாவிடைத் தழும்பின் மேல் வந்து உட்காருகிறது. அதனால் வேலைக்குப் போவதையே விட்டவர்கள் இருக்கிறார்கள், ஆண் மருத்துவரிடம் இதைச் சொல்லவும் கூச்சம். அக்குள் பக்கம் மேலே துளை போட்டிருந்தால் மேற்கையின் உட்புறம் மரத்துப்போகும். கீழ் விலாவிடைகள் பாதிக்கப்பட்டால் வலி மேல்வயிற்றில் தெரியும். அந்தப் பக்க வயிற்றுத் தசைக்கு நரம்பு அறுபட்டு வயிறு ஒரு பக்கம் புடைத்துக் குடலிறக்கம்போலவே தோன்றும். வலைத்துணி வைக்கும் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுக்கும் அளவுக்கு அது ஏமாற்றும்.

இந்த நோயாளி எங்கே போவார்? இடப்பக்கம் என்றால் நெஞ்சுவலி என்று இதய மருத்துவரிடம். ஈ.சி.ஜி., எக்கோ, டி.எம்.டி. எல்லாம் சரி. வலப்பக்கம் என்றால் வயிற்று மருத்துவரிடம், வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, மூன்று மாதத்துக்கு அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல். வீட்டில் எல்லோரும் வாய்வுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் தருவார்கள். எரிச்சல் பட்டையாக ஒரு பக்கம் இருப்பதால் அக்கி என்று சொல்லிக் காவி பூசியும் வந்திருக்கிறார்கள். அக்கியில் கொப்புளம் வரும், இதில் வராது. ஆனால் அக்கி வருவதும் இதே நரம்புப் பாதையில் என்பதால் ஊர்ப் பெரியவர்களின் ஊகம் பல நிபுணர்களின் ஊகத்தைவிட இலக்குக்கு அருகே இருந்தது. கடைசியில் 'எல்லா டெஸ்ட்டும் நார்மல், மனசுதான் காரணம்' என்ற தீர்ப்போடு தூக்க மாத்திரை. தழும்பைத் தொட்டுப் பார்த்தவர் எவருமில்லை.

தொட்டுப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். கொஞ்சம் பஞ்சு, ஒரு பல்குத்தும் குச்சி, குளிர்ந்த நீர் நிரப்பிய ஒரு சோதனைக் குழாய், தோலில் வரையும் பேனா. நல்ல பக்கத்தில் முதலில் தொட்டுக் காட்டிவிட்டு, வலிக்கும் பக்கம் பஞ்சால் வருடிக்கொண்டே வர வேண்டும். மரப்பு தொடங்கும் கோடு, கூச்சம் தொடங்கும் கோடு இரண்டையும் பேனாவால் குறித்துக்கொண்டே போனால் முதுகிலிருந்து முன்பக்கம் சாய்வாக இறங்கும் ஒரு பட்டை தெளிவாகத் தெரியும். தழும்பின் மேல் விரல் நுனியால் தட்டினால் ஒரு புள்ளியில் மின்னல் முன்னோக்கி ஓடும். கூடவே பத்துக் கூறுகள் கொண்ட டி.என்.4 கேள்வித்தாள்: ஏழு கேட்டறிவது, மூன்று தொட்டறிவது. நான்கு மதிப்பெண் வந்தால் நரம்பு வலி என்று கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் அந்தப் புள்ளியில் அல்ட்ராசவுண்ட் பார்த்து இரண்டு மூன்று மில்லி மரப்பு மருந்து. சில மணி நேரம் வலி அறவே போனால் இடம் உறுதி. கண்மூடித்தனமாகக் குத்தினால் நுரையீரல் துளைபடும், அதனால் ஸ்கேன் கட்டாயம்.

அதே பத்து நிமிடத்தில் வேறு ஆபத்துகளையும் பிரித்தறிய முடியும். வலியே இல்லாமல் சில மாதம் கழிந்து புதிதாகத் தொடங்கினாலும், நாளுக்கு நாள் கூடினாலும், இரவில் வியர்த்து எடை இறங்கினாலும், காய்ச்சலோ மூச்சிரைப்போ சேர்ந்தாலும், தழும்பில் கட்டியோ சீழ்வாயோ தெரிந்தாலும் உடனே சி.டி. ஸ்கேன். புற்றுநோய் திரும்பியிருக்கலாம், காசநோய் தழும்பு வழியே வெளிவரலாம், சீழ் மறுபடி கோத்திருக்கலாம். மூன்றாம் மாத ரிவ்யூவை நிறுத்தியபோது இதையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள் என்பதை அந்த நிர்வாகம் யோசித்துப் பார்த்ததா தெரியவில்லை.

சிகிச்சையில் நாங்கள் பார்க்கும் தவறுகள் ஒரே மாதிரியானவை. பிரிகாபலினையும் மெத்தில்கோபாலமினையும் (வைட்டமின் பி12) ஒன்றாக அடைத்த மாத்திரையைப் பத்து நாளுக்கு எழுதிவிட்டு 'கேட்கலை' என்பது முதலாவது. பி12 குறைபாடு இல்லாதவருக்கு அந்தச் சிவப்பு மருந்தால் அறுபட்ட நரம்பு துளிர்த்துவிடாது. பிரிகாபலினை இரவில் 75 மில்லிகிராமில் தொடங்கி, முதியவருக்கு 25-இல் தொடங்கி, ஒரு வாரம் கழித்து இருவேளையாக்கி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்து ஏற்ற வேண்டும். போதிய அளவில் மூன்று நான்கு வாரம் பார்த்த பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். நிறுத்தும்போதும் ஒரு வாரமாவது இறக்கி நிறுத்த வேண்டும். அமிட்ரிப்டிலினை 10 மில்லிகிராமில், படுக்கப் போகுமுன் இரண்டு மணி நேரம் முன்னதாக. நாற்பதைத் தாண்டியவருக்கு ஈ.சி.ஜி. பார்க்காமல் வேண்டாம், கண் அழுத்த நோயும் புராஸ்டேட் வீக்கமும் இருந்தாலும் வேண்டாம். டுலாக்செடின் 30-இல் தொடங்கி ஒரு வாரத்தில் 60. தொட்டாலே கூசும் தோலுக்கு 5 சதவீத லிக்னோகெய்ன் ஒட்டுப்பட்டை, பன்னிரண்டு மணி நேரம் ஒட்டி, பன்னிரண்டு மணி நேரம் எடுத்துவிட வேண்டும், காயம் முழுக்க ஆறிய தோலில் மட்டும்.

காசநோய்ச் சீழுக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு லினிசோலிட் சாப்பிடுபவருக்கு டுலாக்செடின், அமிட்ரிப்டிலின், டிரமடால் மூன்றுமே ஆபத்து. நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று, செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் மிகையாகும் நிலையில் கொண்டுபோய் விடும். காசநோய் மருந்தான ஐசோனியாசிட் தரும் நரம்பு எரிச்சல் இரண்டு பாதங்களிலும் தொடங்கும், ஒரு பக்க நெஞ்சில் பட்டையாக வராது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மட்டும் எழுதுவது வீண்.

வீட்டில் நடக்கும் தவறுகளை யாரும் எச்சரிப்பதில்லை. மரத்த தோலில் வெந்நீர்ப் பை வைத்துக் கொப்பளித்து வருபவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். சூடு தெரியாத தோலுக்கு ஒத்தடம் கூடாது என்ற ஒரு வரி டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்திருந்தால் போதும். மருந்துக்கடையில் விற்கும் நெஞ்சுப் பட்டியை இறுக்கிக் கட்டினால் மூச்சு மேலோட்டமாகி, அடி நுரையீரல் சுருங்கி, சளி கட்டும். வலிக்கும் பக்கத் தோளை அசைக்காமல் வைத்திருந்தால் இரண்டே மாதத்தில் தோள் உறைந்துவிடும். அப்புறம் அது தனி வியாதி. செய்ய வேண்டியது எளிது: மடித்த துண்டைத் தழும்பின் மேல் அழுத்திப் பிடித்து இருமுவது, சுவரில் விரல்களால் ஏறிக் கையை மேலே கொண்டுபோவது, நாற்காலியில் உட்கார்ந்தபடி மேலுடம்பை இரு பக்கமும் மெதுவாகத் திருப்புவது. காயம் நன்றாக ஆறியதும் தேங்காயெண்ணெய் தொட்டுத் தழும்பை வட்டமாக நீவுவது. கூசும் தோலைப் பழக்குவது: முதலில் பட்டுத்துணி, அடுத்து பருத்தி வேட்டி, பிறகு ஈரிழைத் துண்டு, ஒவ்வொன்றாலும் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. அடுத்த துணிக்குப் போக ஒரு வாரம் எடுக்கும். அவசரப்பட்டால் கூச்சம் கூடும்.

மருந்துக்கும் பயிற்சிக்கும் அடங்காதவர்களுக்குத்தான் நரம்பைக் குளிர்விப்பதும் ரேடியோ அலையும். நீண்ட நாள் வாழப்போகிறவரின் விலாவிடை நரம்பில் ஆல்கஹாலோ பீனாலோ போட்டு எரிப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. நரம்பு செத்த பிறகு வரும் வலி பழையதைவிட மோசமாகத் திரும்பக் கூடும்.

பணத்தைப் பற்றி நிர்வாகிகளுக்கு. ஆயுஷ்மான் பாரத் தொகுப்பில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு பதினைந்து நாள் மருந்தும் பரிசோதனையும் அடங்கும். வலியை நாள்பட்டது என்று சொல்வதே மூன்று மாதத்துக்கு அப்புறம். ஆபரேஷனுக்குக் காசு கட்டாத குடும்பம், ஆபரேஷன் தந்த வலிக்குக் கைக்காசு கட்டுகிறது. ஈ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி என்று இவர்கள் சுற்றும் சுற்றில் மருத்துவமனைக்கு ஆகும் நேரத்தையும் கணக்குப் பாருங்கள். பத்து நிமிட ரிவ்யூவை நிறுத்தி மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று அப்போது தெரியும்.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

நிறுத்திய இடத்தில் மூன்றாம் மாத ரிவ்யூவைத் திரும்பத் தொடங்குங்கள், இல்லாத இடத்தில் புதிதாகத் தொடங்குங்கள். தேதியை டிஸ்சார்ஜ் அன்றே எழுதிக் கொடுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஆறாம் வாரம் ஒரு செவிலியர் தொலைபேசியில் நான்கு கேள்வி கேட்கட்டும்: இருமினால் வலி எத்தனை, எரிச்சல் உண்டா, துணி பட்டால் கூசுகிறதா, கை தலைக்கு மேல் போகிறதா. ஏதாவது ஒன்றில் தடுமாறினால் மூன்றாம் மாதம்வரை காக்க வைக்காமல் அழைத்துப் பாருங்கள்.

ஒப்புதல் படிவத்தில், நோயாளிக்குப் புரியும் தமிழில், நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும் என்று எழுதுங்கள். அதை வாய்விட்டும் சொல்லுங்கள். 'வலியில்லா ஆபரேஷன்' என்ற வாசகத்தை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆபரேஷன் குறிப்பில் எத்தனை துளை, எந்த விலாவிடை, ட்ரோகார் அளவு, விரிப்பான் வைத்ததா, குழாயின் அளவு, எத்தனை நாள் இருந்தது, எந்த பிளாக், என்ன மருந்து எத்தனை மில்லி என்பதைக் கட்டாயப் பத்தியாக்குங்கள். அந்தப் பத்தியின் நகல் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வர வேண்டும். பிளாக் போடவில்லையென்றால் ஏன் போடவில்லை என்று ஒரு வரி.

குழாயை எடுக்கும் முடிவை வார நாள் பார்க்காமல் பணியில் இருக்கும் மருத்துவரே எடுக்க எழுத்துப்பூர்வ விதி வகுத்துக் கொடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு பக்கத் தமிழ்த் தாள் தாருங்கள். ஒத்தடம் கூடாது, பட்டி வேண்டாம், கைப்பயிற்சி எப்படி, எப்போது உடனே வர வேண்டும், எந்த எண்ணுக்குப் பேச வேண்டும். அச்சடிக்க வேண்டிய தாளை நாங்களே எழுதித் தருகிறோம்.

அரசுக்கு எடுத்துச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள், காப்பீட்டுத் தொகுப்பில் நெஞ்சறை அறுவைக்கு மட்டுமாவது ஆறு மாதம்வரை வலி சிகிச்சையைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்தப் பணியாளர்களுக்கு இந்த நோயாளிகளின் பட்டியலும் அரை நாள் பயிற்சியும் கிடைத்தால், வெளியூர்க்காரர் பயிற்சிக்காகப் பேருந்து ஏற வேண்டியிருக்காது.

கடைசியாக, அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரின் மூன்றாம் மாத, ஆறாம் மாத வலி எண்ணையும் ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுக்கொரு முறை துறைக் கூட்டத்தில் வையுங்கள். தொற்று எத்தனை, இறப்பு எத்தனை என்று வைக்கும் அதே தாளில், அவற்றுக்கு அடுத்த வரியாக.

இந்த மடலுக்குப் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். எவற்றைச் செய்ய முடியும், எந்தத் தேதிக்குள், முடியாதவை ஏன் முடியாது என்று.

இப்படிக்கு,
வலி சிகிச்சை, பிசியோதெரபி, செவிலியர் பிரிவுகளில் பணிபுரிவோர்